சூடேறிய பின் தெரியும் பழுது



படக்குழாய் வைத்த பழைய தொலைக்காட்சிப் பெட்டி உங்களில் சிலருடைய வீட்டில் இன்னும் இருக்கலாம். 2006-ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல வண்ணப் பெட்டியாகவும் அது இருக்கலாம். இத்தகைய பெட்டிகளுக்கு வயதான பின் வருகிற ஒரு பழுதைக் குறித்து இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

போட்டவுடன் படம் தெளிவாக இருக்கும். அரை மணி நேரம் சென்றதும் மேலும் கீழும் சுருங்கத் தொடங்கும். பின்பு முழுப் படமும் ஒடுங்கி, திரையின் நடுவே ஒரே ஒரு வெள்ளைக் கோடாக நின்றுவிடும். ஒலி மட்டும் ஒரு குறைவுமின்றிக் கேட்டுக்கொண்டிருக்கும். அணைத்துவிட்டுச் சற்று நேரம் கழித்துப் போட்டால் மறுபடியும் நல்ல படம். அரை மணி நேரத்தில் மறுபடியும் கோடு.

காரணம் இதுதான். படத்தை மேலிருந்து கீழாக விரித்துக் காட்டுவதற்கென்று பெட்டிக்குள் ஒரு பகுதி உண்டு. அதிலுள்ள ஐ.சி. அதிகமாகச் சூடாகும், ஆகவே அதை அலுமினியத் தகடு ஒன்றின்மேல் பொருத்தியிருப்பார்கள். அதன் கால்கள் ஈயப் பற்றவைப்பினால் பலகையோடு இணைக்கப்பட்டிருக்கும். மாலைதோறும் சூட்டில் எல்லாம் விரிகின்றன; அணைத்தபின் சுருங்குகின்றன. ஆனால் உலோகக் காலும் பலகையும் ஒரே அளவாக விரிவதில்லை. ஆண்டுக்கணக்கில் இப்படி இழுபட்டு, காலைச் சுற்றி மயிரிழை போன்ற ஒரு விரிசல் உண்டாகிறது. குளிர்ந்திருக்கும்போது விரிசலின் இரு பக்கங்களும் தொட்டுக்கொண்டிருக்கும், சூடேறியதும் விலகிப்போகும். மெக்கானிக்குகள் இதை 'டிரை சோல்டர்' என்பார்கள்.

வீட்டில் நாம் செய்கிற வைத்தியங்கள் மூன்று. பெட்டியின் பக்கத்தில் ஓங்கித் தட்டுகிறோம். பின்னால் மின்விசிறியை வைக்கிறோம். அல்லது அணைத்துவிட்டு ஆறவிடுகிறோம். மூன்றினாலும் படம் திரும்பி வரும். மூன்றினாலும் விரிசல் மூடாது.

அனுபவமுள்ள மெக்கானிக்கோ, குளிர்ந்திருக்கும் பெட்டியைப் பார்த்து, "நன்றாகத்தானே ஓடுகிறது" என்று திருப்பி அனுப்பமாட்டார். பின்மூடியைக் கழற்றினாலே காற்றுப்பட்டு இப்பழுது ஒளிந்துகொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். ஆகையால் பழுது வெளிப்படும்வரை பெட்டியை ஓடவிடுவார்; தேவையானால் தலைமுடி உலர்த்தும் கருவியால் தாமே சூடேற்றுவார். படம் சுருங்கியதும், குளிரூட்டும் ஸ்பிரேயை ஒவ்வொரு பாகத்தின்மேலும் தனித்தனியே அடித்துப் பார்ப்பார். எங்கே அடித்ததும் படம் விரிகிறதோ, பழுது அங்கேதான். அது ஐ.சி.யாக இருந்தால் மாற்றுவார். பற்றவைப்பாக இருந்தால், பழைய ஈயத்தின்மேலேயே புதியதைப் பூசிவிடாமல், பழையதை உருக்கி எடுத்து, காலைச் சுத்தம்செய்து, புதிதாகப் பற்றவைப்பார்.

பிரியமானவர்களே, நம்முடைய வாழ்விலும் குளிர்ந்த வேளையில் தெரியாத பழுதுகள் உண்டு. ஞாயிறு காலை ஆராதனையில் நம் எல்லாருடைய படமும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் வீட்டில் பணக்கணக்கைப் பேசத் தொடங்கி அரை மணி நேரம் சென்றபின்? பிள்ளையின் மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்தபின்? மனைவியின் தாய்வீட்டைக் குறித்த பேச்சு எழுந்தபின்? கிறிஸ்துவின் சாயல் ஒரு கோடாக ஒடுங்கிவிட, ஜெபமும் சாட்சியும் உபதேசமும் ஆகிய ஒலி மட்டும் வழக்கம்போல் கேட்டுக்கொண்டிருக்கக் கூடும். "ஆலயத்தில் நீங்கள் பார்க்கிறவர் வேறு, வீட்டில் நாங்கள் பார்க்கிறவர் வேறு" என்று கண்ணீரோடு சொல்லும் குடும்பத்தாரின் குரலை மேய்ப்பர்கள் அறிவார்கள். அதைச் சபையார் எளிதில் நம்புவதில்லை. கடையில் ஒழுங்காக ஓடிய அதே பெட்டிதான் வீட்டில் கோடாகிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

"சூழ்நிலை அப்படி, அதனால் பேசிவிட்டேன்" என்கிறோம். ஆண்டவர் சொன்ன விதைக்கிறவன் உவமையை நினைத்துப் பாருங்கள். கற்பாறை நிலத்தில் முளைத்த பயிர் வெயில் ஏறியபோது கருகியது. அதற்குக் காரணமாக ஆண்டவர் காட்டியது வேரில்லாமையை. நல்ல நிலத்துப் பயிரின்மேலும் அதே வெயில்தானே காய்ந்தது? அங்கே கதிர் முற்றியது.

இப்பொழுது பேதுருவைப் பாருங்கள். இராப்போஜன பந்தியில் அவன் ஆண்டவரோடு சிறைக்கும் சாவுக்கும் செல்ல ஆயத்தமாயிருந்தான். அவன் பொய் சொல்லவில்லை. அந்த அறையில் அவனுடைய படம் தெளிவாகவே இருந்தது. சில மணி நேரம் கழித்து, பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில், குளிர்காயும் நெருப்பண்டையில், கேள்விகள் எழுந்தபோது மூன்று தரம் மறுதலித்தான்.

யோவான் தம் சுவிசேஷத்தின் 18-ஆம் அதிகாரத்தில் அந்த நெருப்பைக் கரிநெருப்பு என்று குறிப்பிடுகிறார். அவர் எழுதிய கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இன்னும் ஓரிடத்தில் மாத்திரமே வருகிறது: 21-ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் சீஷர்களுக்குக் காலை ஆகாரம் ஆயத்தம்பண்ணிய இடத்தில். அங்கேயும் கரிநெருப்பு, அங்கேயும் மூன்று கேள்விகள். பேதுரு விழுந்த இடத்தின் வெப்பத்திற்கே ஆண்டவர் அவனைத் திரும்ப அழைத்துவந்தார். அவனை வெட்கப்படுத்தவா? இல்லை. முதலில் பசியாற்றினார், பின்பு கேட்டார், பின்பு தம் ஆடுகளை அவனிடம் ஒப்புவித்தார். பழுது வெளிப்பட்ட இடத்திலேயே பழைய ஈயம் உருகி, புதிய பற்று ஏற்பட்டது.

ஆகையால் இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். எந்த நேரத்தில், எந்தப் பேச்சில் உங்கள் படம் ஒடுங்குகிறது என்று கவனித்துப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் வீட்டாரைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும்போது குறுக்கே பேசாதிருங்கள். "நான் பாவி" என்று பொதுவாகச் சொல்லுவது எளிது. மெக்கானிக் ஒரே ஒரு காலைத் தேடுவதுபோல, அந்த ஒரு விரிசலைப் பெயர் சொல்லி ஆண்டவரிடத்தில் அறிக்கையிடுங்கள்.

ஓர் எச்சரிப்பும் உண்டு. பழைய பெட்டியை நீங்களே திறக்காதீர்கள். மின்கம்பியைப் பிடுங்கிய பின்னும் படக்குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். சில உள்ளங்களிலும் பல ஆண்டுகளுக்குமுன் அணைந்துபோன ஒன்று இன்னும் அப்படியே தங்கியிருக்கிறது. அதைத் தனியே தொடாமல், தேர்ந்த ஆலோசகரிடமோ முதிர்ந்த விசுவாசியிடமோ செல்லுங்கள்.

ஒருவருடைய கோபத்தினால் அடியும் அவமானமும் சுமக்கிற சகோதரிகளுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அவருடைய பழுதைக் கண்டுபிடிக்கும் கருவிகளாக ஆண்டவர் உங்களை வைக்கவில்லை. மௌனமாயிருப்பது உங்கள்மேல் சுமத்தப்பட்ட சிலுவையும் அல்ல. பாதுகாப்பான இடத்திற்குச் செல்லுங்கள், நம்பத்தகுந்தவர்களிடம் சொல்லுங்கள். சபை உங்களை நம்பக் கடமைப்பட்டிருக்கிறது.

ஜெபம்: எங்களை முற்றும் அறிந்த ஆண்டவரே, குளிர்ந்த வேளையில் ஒளிந்துகொள்ளும் எங்கள் விரிசல்களை நீர் அறிவீர். நாங்கள் ஒடுங்கிப்போகிற அந்த இடத்திலேயே எங்களைச் சந்தியும். பழையதை உருக்கி எடுத்து, எங்களைப் புதிதாக உம்மோடு இணைத்தருளும். எங்கள் வீட்டார் எங்களில் உம்முடைய சாயலைக் காணும்படி கிருபை செய்யும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே. ஆமென்.