சிரமபரிகாரம்

தருமபுரியில் பஸ் ஏறிப் பென்னாகரம் வழியாக ஒகேனக்கலுக்குப் போகிறவர்களில் அருவியைக் கண்குளிரக் காண்பதற்கென்று போகிறவர்கள் உண்டு. ஆடிப் பதினெட்டிலும் தை அமாவாசையிலும் காவேரி ஸ்நானத்துக்காகப் போய், தேசநாதேசுவரரையும் தரிசித்துத் திரும்புகிறவர்கள் உண்டு. பரிசலுக்காகவும் மீன் குழம்புக்காகவும் போகிற இளைஞர் கூட்டமும் உண்டு. இவர்கள் எல்லோரையும்விட என் மனத்துக்கு நெருக்கமானவர்கள், ஒரு துண்டையும் மாற்று வேட்டியையும் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு, உடம்பு வலி தீர எண்ணெய் தேய்த்துக்கொள்வதற்காகவே மலை இறங்கி வருகிறவர்கள். லாரி ஓட்டிக் கழுத்து இறுகிப்போனவர், செங்கல் சூளையில் குனிந்து குனிந்து இடுப்பு பிடித்துக்கொண்டவர், புளி உலுக்கித் தோள் சலித்தவர், மண்டியில் மூட்டை தூக்குகிறவர் என்று, சரீரம் ஒன்றையே மூலதனமாக வைத்துப் பிழைக்கிற ஜனங்கள் இந்த ஜில்லாவில் ஏராளம். ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்கும்படியான நோய் என்று ஒன்றும் இல்லை, ஆனால் இரவில் நிம்மதியாகப் புரண்டு படுக்கும்படியான சௌக்கியமும் இல்லை என்கிற அவர்களுடைய நிலைக்கு மருந்து, அருவியை ஒட்டிய அந்தப் பாறைகளின்மேல் கிடைக்கிறது.

பென்னாகரம் தாண்டிக் காட்டுக்குள் இறங்குகிற மலைப்பாதையின் வளைவுகளில், பஸ்ஸின் ஜன்னல் வழியே வருகிற காற்று சட்டென்று ஈரம் கொண்டுவிடும். குடகில் பிறந்து, மைசூர்ச் சீமையைக் கடந்து, மேகதாட்டுக் குறுகலில் ஒடுங்கி நெருக்குண்டு காட்டு வழியே வருகிற காவேரி, சின்னாறு வந்து கலக்கும் இவ்விடத்தில் பல கிளைகளாகப் பிரிந்து பாறை இடுக்குகளில் பாய்ந்து, மறுபடி ஒன்றுகூடி, 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பை நோக்கிச் செல்கிறது. இப்பகுதியில் கிடைக்கும் கார்பனடைட் என்னும் பாறைக்கு ஏறத்தாழ 240 கோடி ஆண்டு வயது என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் கணித்திருக்கிறார்கள். நாங்கள் தங்கியிருந்த விடுதியின் தாழ்வாரம் வரைக்கும் அருவியின் ஓசை வந்துகொண்டிருந்தது. இரவெல்லாம் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்ததில் உறக்கத்துக்கும் விழிப்புக்கும் இடையிலிருந்த எல்லையே அழிந்துபோயிற்று.

காலையில் ஆற்றை நோக்கி நடக்கும்போது, கடைவரிசையில் தொங்குகிற எண்ணெய்ப் பொட்டலங்களிலிருந்தே காரியம் ஆரம்பமாகிவிடுகிறது. எண்ணெயை நாம் வாங்கிக் கொடுக்க வேண்டும். கூலியை முன்னதாகப் பேசிக்கொள்ள வேண்டும். எனக்கு வாய்த்தவர் அறுபதை நெருங்கிய மனிதர், மெலிந்த தேகம், ஆனால் மணிக்கட்டுக்குக் கீழே அந்தக் கைகள் வேறொரு பெரிய உடம்பிலிருந்து எடுத்து வைத்தவை போல அகன்றும் தடித்தும் இருந்தன. "இப்படி உக்காருங்க ஐயா. தலையை நீங்க பிடிச்சுக்காதீங்க, என்கிட்ட விட்டுடுங்க" என்றார். உச்சந்தலையில் எண்ணெயை ஊற்றி, அது கீழே வழிவதற்குள் உள்ளங்கையால் தாங்கித் தேய்த்து, பிறகு இரண்டு கைகளையும் குவித்துச் சேர்த்துக்கொண்டு தலையின்மேல் தட்டத் தொடங்கினார். அடி மெதுவாகத்தான் விழுந்தது. கைகளுக்குள் அடைபட்ட காற்றும் விரல்களும் மோதிக்கொள்வதால் எழுந்த சடசடவென்ற சப்தமோ அருவியின் பேரிரைச்சலுக்கு நடுவிலும் தனியாகக் கேட்டது. தலை முடிந்ததும் பிடரி, பிடரியிலிருந்து தோள், தோளிலிருந்து முதுகெலும்பின் இரு பக்கமும் கட்டைவிரல்கள் மேலிருந்து கீழாக ஊர்ந்துகொண்டே வந்து, ஓரிடத்தில் நின்றன. "இங்க கட்டி நிக்குதுங்களே, உக்காந்தே எழுதற வேலையா?" என்று கேட்டார். நான் யார், என்ன செய்கிறேன் என்று ஒரு வார்த்தையும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

அதன் பிறகு என்னைப் பாறைமேல் படுக்கவைத்து, கால்களை மடக்கி நீட்டி, விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சொடுக்கெடுத்து, புரட்டிப் போட்டு, வயிற்றை வட்டமாக நீவி, கடைசியில் கையைப் பிடித்து எழுப்பி, "போய் அருவியில நில்லுங்க, மிச்சத்தை அது பாத்துக்கும்" என்று அனுப்பிவைத்தார். அவர் சொன்னபடியே இரும்புக் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்ற என் தோளில் காவேரி அறைந்தாள். எண்ணெயால் நெகிழ்ந்து கிடந்த தசைநார்களின்மேல் அந்த ஜலம் விழுகிறபோது வலியும் சுகமும் ஒன்றாகக் கலந்து, எதைப் பற்றியும் எண்ணமற்ற ஒரு நிலை சற்று நேரம் சித்தித்தது.

சித்த வைத்தியத்தில் இந்தக் கலைக்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதை ஒன்பது வகையாகப் பிரித்து, புறமருத்துவ முறைகளில் ஒன்றாக வகுத்து வைத்திருக்கிறார்கள். எந்த நூலையும் தொட்டறியாத அந்தப் பெரியவர், இவற்றில் ஒன்றையும் விடாமல் அன்று காலை என் உடம்பில் செய்து காட்டினார் என்பதைப் பிறகு நினைத்துப் பார்த்தபோது, எனக்கு அவரிடத்தில் ஏற்பட்டது நன்றியைக் காட்டிலும் பெரிய ஓர் உணர்ச்சி. எங்கே கற்றீர்கள் என்று கேட்டதற்கு, "எங்கப்பா கையைப் பாத்துக் கத்துக்கிட்டதுங்க" என்று மாத்திரம் பதில் சொன்னார்.

சில காலத்துக்கு முன் தாய்லாந்தின் மேற்குக் கரையில், காவோ லாக் என்னும் கடற்கரையில், குடும்பத்தாரோடு ஒரு விடுதியில் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. தென்னைகளும் ஈழத்தலரி மரங்களும் சூழ்ந்த அந்த விடுதியில் அங்கமர்த்தலுக்கென்றே தனி மண்டபம் அமைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் வெந்நீரில் பாதங்களைக் கழுவி, எலுமிச்சைப்புல் மணக்கும் பானம் ஒன்றைக் கொடுத்து, தளர்ந்த பருத்தி உடையை அணியச் சொல்லி, தரையில் விரித்த மெத்தையில் படுக்கவைத்தார்கள். எண்ணெய் கிடையாது, உடையின்மேலேயே கட்டைவிரலாலும் உள்ளங்கையாலும் முழங்கையாலும் நாடிகளின் வழியே அழுத்திக்கொண்டு போவதும், மூட்டுகளை ஆசனங்களில் போல் வளைத்து இழுப்பதும், மூலிகைக் கிழியால் ஒத்தடம் கொடுப்பதும் அவர்கள் சம்பிரதாயம். தொடங்குமுன், எனக்கு அங்கமர்த்தல் செய்ய வந்த அம்மாள் கைகூப்பிக் கண்மூடிச் சிறிது நேரம் முணுமுணுத்தார். இந்தப் பரம்பரையைச் சேர்ந்தவர்கள் தங்கள் ஆதிகுருவாக வணங்குவது புத்தபிரானுக்கு மருத்துவம் பார்த்த ஜீவகரை என்பதை அங்கே தெரிந்துகொண்டபோது, மகத நாட்டு ராஜகிருகத்து வைத்தியர் ஒருவரின் நாமம் இவ்வளவு தூரம் கடல் கடந்து வந்து இத்தனை நூற்றாண்டுகள் நிலைத்திருப்பதை எண்ணி வியந்தேன்.

வணக்கத்தோடு அந்த நாட்டார் நின்றுவிடவில்லை. 1830-களில் மூன்றாம் ராமர் என்ற அரசர், பாங்காக்கில் உள்ள வாட் போ என்னும் பெரிய விகாரத்தைப் புதுப்பித்தபோது, தம் நாட்டு வைத்திய ஞானத்தையும், அங்கமர்த்தலுக்குரிய நாடிகளையும் அழுத்த ஸ்தானங்களையும் காட்டும் படங்களையும் சலவைக்கல்லில் செதுக்கி, யார் வேண்டுமானாலும் வந்து கற்கலாம் என்று சுவர்களில் பதித்துவைத்தார். அதே விகாரத்தில் 1955-இல் வைத்தியப் பள்ளி ஒன்று ஏற்பட்டது. 2019 டிசம்பரில் யுனெஸ்கோ அந்தக் கலையை மானுட குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் வரிசையில் சேர்த்தது. விடுதியில் என் காலைக் கழுவிய அந்த அம்மாளின் முகத்தில் தாழ்வுணர்ச்சியின் நிழல்கூட இல்லாததற்கு இந்தக் கல்லும் பள்ளியும் காரணம் என்று நான் நம்புகிறேன்.

நான் தங்கியிருந்த காவோ லாக் கடற்கரை தகுவாபா என்னும் பகுதியைச் சேர்ந்தது. அப்பகுதியில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் விருதுப்பெயரால் அவனிநாரணம் என்று வழங்கிய ஒரு குளத்தைப் பற்றியும், அது மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினர், சேனாமுகத்தார் ஆகியோரின் பாதுகாப்பில் விடப்பட்டதைப் பற்றியும் பேசுகிறது. வாணிபத்துக்காக அந்நிய தேசத்தில் கரையேறிய தமிழர்கள் அங்கே ஒரு நீர்நிலையை உண்டாக்கியதும், அதைக் காக்கும் பொறுப்பை இன்னாரிடம் ஒப்படைத்தோம் என்று கல்லில் பொறித்ததும் எனக்கு மிகவும் பெருமைப்படத்தக்க செய்திகளாகத் தோன்றுகின்றன. செய்ததைக் காப்பதற்கும் ஏற்பாடு செய்த அந்த முன்யோசனையை ஒகேனக்கல் பாறைகளுக்கு நாம் காட்டியிருக்கிறோமா?

தொக்கணத்தை நம் சித்த மருத்துவக் கல்லூரிகளில் கற்பிக்கிறார்கள். பாளையங்கோட்டையில் அரசுக் கல்லூரி இருக்கிறது, தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அவற்றில் பயிலும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் சில வாரம் ஒகேனக்கலுக்கு வந்து, இந்த முதியவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, கை போகும் வழியைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். முதியவர்களில் விருப்பமுள்ளவர்கள் அந்தக் கல்லூரிகளுக்குப் போய், எந்த எலும்பை எந்த அளவுக்கு அழுத்தலாம், இருதய நோயுள்ளவரையும் கர்ப்பிணியையும் எப்படி நடத்த வேண்டும் என்று கற்றுத் திரும்ப வேண்டும். ஏட்டுக்கும் கைக்கும் நடுவே ஒரு பாலம் போடுவதற்கு அரண்மனையும் அரசனும் தேவையில்லை.

இதை வெறும் உல்லாசப் பிரயாணிகளின் விஷயம் என்று கருதுகிறவர்கள் இந்த ஜில்லாவின் தண்ணீரைப் பற்றி அறியவேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரிச் சீமைகளின் நிலத்தடி நீரில் புளோரைடு உப்பு மிகுதி. அந்தக் கிணறுகளையும் ஆழ்துளைக் குழாய்களையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களில் குழந்தைகளின் பற்கள் காவியேறிப் போவதும், நாளடைவில் பெரியவர்களின் மூட்டுகளும் முதுகெலும்பும் இறுகி வளையாமல் போவதும் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்தன. ஜப்பானின் கடனுதவியோடு, சுமார் 1,928 கோடி ரூபாய்ச் செலவில் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013-இல் பயனுக்கு வந்த பிறகுதான் காவேரி ஜலம் குழாய் வழியே இவ்வூர்களுக்கு ஏறி வரலாயிற்று. அதற்கு முன்னரே எலும்பில் சேர்ந்துவிட்ட நஞ்சைத் தொக்கணம் போக்கிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். நாற்பது வயதில் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்ந்து திரும்பிய ஒருவர், அரைமணி நேரம் பாறையில் கிடந்து எழுந்தபின், "இன்னிக்கு ஒரு நாள் தேவலை" என்று சொன்னதை மட்டும் சொல்லுவேன். அந்த ஒரு நாளுக்கு விலை இல்லை.

நான் கண்டவரையில், பாறைமேல் கிடப்பவர்கள் எல்லோரும் ஆண்மக்கள். சற்றுத் தள்ளி, அடுப்புகளின் முன்னால், வருகிறவர்கள் வாங்கிக் கொடுக்கும் மீனைக் கழுவி நறுக்கி மசாலா பூசி வறுத்து, குழம்பு கூட்டிக் கொடுத்துக் காலை முதல் மாலை வரை புகையில் நிற்கிற பெண்களை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்க் குடம் சுமந்த இடுப்பும், களி கிண்டிய தோளும், நாற்று நட்ட முதுகும் அவர்களுடையவை. இந்த ஜில்லாவில் வலி அதிகம் உள்ள சரீரங்கள் அவைதாம் என்று துணிந்து சொல்லலாம். பெண்களுக்குப் பெண்களே எண்ணெய் தேய்த்துவிடும்படியான, மறைவும் கௌரவமும் உள்ள ஒரு கூடம் ஆற்றங்கரையில் ஏற்பட்டால், சிலருக்குப் பிழைப்பும் பலருக்கு ஆறுதலும் கிடைக்கும்.

விடைபெறுமுன் என் பெரியவரிடம் வருமானத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. சனி, ஞாயிறும் கோடை விடுமுறையும் வந்தால் நாலு பேர் வருவார்கள். மற்ற நாட்களில் வந்தவரை லாபம். ஆனால் கபினியும் கிருஷ்ணராஜசாகரமும் நிரம்பி வழிகிற பருவத்தில், பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் நீர்வரத்து ஏறிக்கொண்டே போனால், ஆட்சியரின் உத்தரவு வந்து குளிப்பதும் பரிசல் விடுவதும் நின்றுபோகும். 2018-இலும் 2024-இலும் வினாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்குமேல் வெள்ளம் வந்தபோது பாறைகளே கண்ணுக்குத் தெரியவில்லை. உயிரைக் காப்பதற்காகப் போடப்படுகிற அந்தத் தடையை யாரும் குறைகூற முடியாது. "ஆறு நிறைஞ்சா ஊருக்கெல்லாம் சந்தோசங்க, எங்களுக்கு அடுப்பு எரியாது" என்று அவர் சொன்னார். அந்த நாட்களில் சிலர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்களாம். வயதானவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்களாம்.

நம் கிழக்குக் கடற்கரையில் மீன்கள் இனம் பெருகுவதற்காக ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்று தடை போட்டு, அந்தக் காலத்துக்கு மீனவர் குடும்பங்களுக்கு அரசாங்கம் நிவாரணத் தொகை கொடுத்துவருகிறது. கடலுக்கு ஒரு நியாயம் வகுத்த நாம் ஆற்றுக்கும் அதை வகுக்கலாம். ஒகேனக்கலில் அடையாள அட்டை பெற்றுத் தொழில் செய்கிற எண்ணெய்த் தேய்ப்பாளரும் பரிசல் ஓட்டியும் இத்தனை பேர் என்று கணக்கிருக்கிறது. தடை எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் நீங்கியது என்பதும் அரசாங்கக் காகிதத்திலேயே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துவைத்து, தடையுள்ள ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு என்று ஒரு தொகையை அவர்கள் வீடுகளுக்குக் கொண்டு சேர்க்கும்படி தருமபுரி ஜில்லாவின் சட்டமன்ற உறுப்பினர்கள் கட்சி பேதம் இல்லாமல் கேட்கவேண்டும். அடுத்த ஆடி வெள்ளத்துக்கு முன்பே கேட்கவேண்டும்.