நான்காவது சாவி

மயிலாப்பூர் வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். கொண்டியில் மாட்டும் பூட்டு, ஆளில்லை என்று தெருவுக்கே சொல்லும். நாம் உள்ளே இருக்கும்போதும் வெளியிலிருந்து எவரும் பூட்டிவிடலாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் மேல் ஆசைதான், அது பரணுக்குப் போயிற்று. வாசலுக்கு, கதவுக்குள் பதிகிற பூட்டு: வெளியே சாவி, உள்ளே திருகு. நள்ளிரவில் தீப்பிடித்தால் சாவியைத் தேட முடியுமா? தானே பூட்டிக்கொள்ளும் நைட் லாட்ச் வேண்டாமென்றேன். பால் பாக்கெட் எடுக்கப் போனால் காற்றே நம்மை வெளியே நிறுத்திவிடும்.

“சாரைக் கேட்டுட்டு வாங்களேன் மேடம்,” என்றார் தி. நகர் கடைக்காரர்.

சாவி மூன்று. சாவி, போர்த்துகீசியச் சொல், திறவுகோல் நம்முடையது. ஒன்று கைப்பையில், ஒன்று கல்லூரி மேசையில், ஒன்று அடையாறில் தங்கையிடம். வீட்டுக்காரர் நான்காவது கேட்டார், “அவசரத்துக்கு.” அவசரமென்றால் தங்கையின் எண்ணுக்குக் கூப்பிடுங்கள் என்றேன்.