பக்கத்தைத் திறப்பது யார்?

பட்ட வகுப்பில் நம்மிடம் தமிழ்ப்பாடம் கேட்ட மாணவி ஒருத்தி, சென்ற மாதம் புதுவைக் கடற்கரைச் சாலையில் எதிர்ப்பட்டாள். வெள்ளாற்றங்கரையில், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடலுயிரியல் மையத்தில் முதுகலை முடித்தவள். இப்போது கடல் முள்ளெலியின் கருவளர்ச்சியில் மரபணு வெளிப்பாட்டை ஆய்ந்து வருகிறாள்.

"ஐயா, வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் அம்மா, என்னதான் படிக்கிறாய் என்று கேட்கிறார். 'மரபணு வெளிப்பாடு' என்றால் விளங்கவில்லை. வேறு நல்ல சொல் உண்டா?"

நமக்குத் தொல்காப்பியம் நினைவில் எழுந்தது. உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதை மெய்ப்பாடு என்று கூறி, அதற்கென ஓர் இயலே வகுத்த நூலன்றோ! அவ்வெட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றான பெருமிதத்தோடு, 'மரபணு மெய்ப்பாடு' என்றோம்.

மாணவி சிரித்தாள். "அது பார்த்தாலே தெரியும் ஐயா. இது சாயமேற்றினால்தான் தெரியும்." கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள். கண்ணாடி போன்ற கருவுருண்டையினுள் சில உயிரணுக்களில் மட்டும் ஊதா நிறம். சுண்ணாம்புச் சட்டகம் அமைக்கும் மரபணு அங்கு மட்டுமே செயல்படுகிறதாம்.

மற்ற உயிரணுக்களில் அம்மரபணு இல்லையோ என்றால், உண்டு. 1891இல் ஹான்ஸ் டிரீஷ் என்னும் ஜெர்மானியர், ஈரணு நிலையிலிருந்த முள்ளெலிக் கருவைக் குலுக்கிப் பிரித்தார். தனித்த உயிரணு பாதி உடலாகாமல், சிறியதொரு முழு இளவுயிரியாகவே வளர்ந்தது. முழு உடலுக்கும் வேண்டியது ஒவ்வொன்றிலும் இருந்தது.

எனவே கலைச்சொல்லை விடுத்து உவமை ஒன்று சொல்லி அனுப்பினோம்: "வீட்டின் எல்லா அறைகளிலும் ஒரே நூல், அறைக்கு அறை திறந்திருக்கும் பக்கம்தான் வேறு."

மறுவாரம் வந்தாள். "அம்மாவுக்குப் புரிந்தது ஐயா. ஆனால், 'பக்கத்தைத் திறக்கிறவர் யார்?' என்று கேட்டுவிட்டார்."

நாம் வாயடைத்தோம். மாணவியோ, தன் துறையின் பெருவினாவே அதுதான் என்றாள். திறப்பவர் வெளியே இல்லை. ஒரு மரபணுவின் வழிப் பிறந்த புரதம் மற்றொன்றின் கட்டுப்பாட்டுப் பகுதியில் அமர்ந்து அதனை முடுக்குகிறது, அல்லது அடக்குகிறது. கருமுட்டையில் தாய் வைத்துச் சென்ற பொருள்களே இதனைத் தொடங்கிவைக்கின்றன. கலிபோர்னியாவில் எரிக் டேவிட்சன் குழுவினர் 2002இல் இத்தொடர்புகளை வலைப்பின்னலாக வரைந்து காட்டினர். 2006இல் ஊதா முள்ளெலியின் மரபணுத்தொகுதி வெளியானது. ஏறத்தாழ 23,000 மரபணுக்கள்.

"தாய் வைத்துச் சென்றது என்று அம்மாவிடம் சொன்னாயா?" என்று கேட்டோம்.

"சொன்னேன் ஐயா. அன்றைக்குத்தான் முதன்முறையாக அந்தப் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார்."