மூன்று கிராமுக்கு ஒரு கணக்கு

திங்கள்

சிங்கப்பூரின் தேக்கா பக்கத்து மளிகைக் கடைகளில் ஓட்ஸ் தனி அடுக்கையே பிடித்துவிட்டது. சாதா ஓட்ஸ், உடனடி ஓட்ஸ், மசாலா ஓட்ஸ், ஓட்ஸ் பிஸ்கட், ஓட்ஸ் பால் என்று வரிசை நீள்கிறது. பல பொட்டலங்களில் இதயப் படம் வேறு. அந்தப் படத்துக்கு ஆதாரம் உண்டா என்றால், உண்டு. ஆனால் அந்த ஆதாரம் பீட்டா-குளூக்கன் என்ற கரையும் நார்ச்சத்துக்கு, அதுவும் நாளொன்றுக்கு 3 கிராம் என்ற அளவுக்கு உரியது. 1997இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஓட்ஸ் பொட்டலங்களில் இதயநலம் பற்றி எழுத அனுமதித்தபோது அடிப்படையாக வைத்தது இந்த அளவைத்தான். ஓட்ஸ் கஞ்சி கொதித்து இறங்கும்போது கரண்டியோடு இழுபடும் வழவழப்பு இருக்கிறதே, வேலை செய்வது அதுதான். குடலில் அது பித்த அமிலங்களைச் சிக்கவைத்து மலத்தோடு வெளியேற்றுகிறது. இழந்ததை ஈடுகட்டக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுத்துப் புதிய பித்த அமிலம் செய்கிறது. அதனால்தான் எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பு குறைகிறது.

செவ்வாய்

அளவைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதியாக வேண்டும். ஏமாற்றம் நுழைவது அங்கேதான். டெல்லியில் கொலஸ்ட்ரால் சற்றே கூடியிருந்த இந்தியர்களிடம் நடத்தி 2017இல் வெளியான ஆய்வில், 3 கிராம் கரையும் நார்ச்சத்து கிடைக்க நாளுக்கு 70 கிராம் ஓட்ஸ் கொடுத்தார்கள். நான்கு வாரத்தில் எல்டிஎல் 11.6 விழுக்காடு குறைந்தது; வழக்கமான உணவைத் தொடர்ந்தவர்களுக்கு 4.1 விழுக்காடு. 70 கிராம் என்பது கிண்ணம் நிறையக் கஞ்சி, சிலருக்கு இரண்டு வேளைக்கு வரும். தோசை மாவில் இரண்டு கரண்டி தூவினால் அதில் கால்வாசிகூடத் தேறுவது சந்தேகம். பிஸ்கட்டிலோ மைதாவும் சர்க்கரையும் முன்னே நிற்கும், ஓட்ஸ் பின்னே வரும். வடிவமும் முக்கியம்: பொடியாக நறுக்கி அவித்துப் பதப்படுத்திய உடனடி ஓட்ஸ், முழு அவலாக இருக்கும் ஓட்ஸைவிட ரத்தச் சர்க்கரையை விரைவாக ஏற்றுகிறது. சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 முதல் பானங்களுக்கு நியூட்ரி-கிரேட் எழுத்து வந்திருப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் அது சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும் வைத்துத்தான் தரம் பிரிக்கிறது; பீட்டா-குளூக்கனைச் சொல்வதில்லை. இதயநலம் பேசும் எந்தப் பொட்டலமும், ஒரு வேளைக்கு எத்தனை கிராம் பீட்டா-குளூக்கன் என்று முகப்பிலேயே அச்சிட வேண்டும் என்பேன்.

வியாழன்

மறுப்புகளைத் தட்டிக்கழிக்கக் கூடாது. முதலாவது, பணம். 1997 அனுமதிக்கு விண்ணப்பித்ததே குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம். இந்தத் துறையில் ஓட்ஸ் விற்பவர்கள் செலவு செய்த ஆய்வுகள் ஏராளம். சந்தேகம் நியாயமானது. ஆனால் பல நாடுகளின் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வுகளிலும் விளைவு நிற்கிறது: 3 கிராமுக்கு எல்டிஎல் லிட்டருக்குச் சுமார் 0.25 மில்லிமோல் இறங்குகிறது. உடலில் அது எப்படி நடக்கிறது என்பதும் தெரிந்திருக்கிறது. இரண்டாவது, இது சிறிய குறைவுதானே என்பது. ஆமாம், சிறியதுதான். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுபவர் ஓட்ஸை நம்பி மாத்திரையை நிறுத்தினால் ஆபத்து. ஆனால் ஸ்டாட்டின் சோதனைகளின்படி எல்டிஎல் 1 மில்லிமோல் குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. அந்த விகிதத்தில் பார்த்தால் தினசரி ஒரு கிண்ணத்துக்குச் சுமார் 5 விழுக்காடு குறைவு. ஊர் முழுவதற்கும் பெருக்கினால் சிறியதல்ல. மூன்றாவது மறுப்புதான் கனமானது: இந்தச் சோதனைகள் அளந்தது கொலஸ்ட்ராலை, மாரடைப்பை அல்ல. அதற்கு நார்ச்சத்து பற்றிய பெரிய ஆய்வுகளைத்தான் நாட வேண்டும். 2019இல் நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தார் லான்செட்டில் வெளியிட்ட தொகுப்பில் 185 நீண்டகால அவதானிப்பு ஆய்வுகளும் 58 சோதனைகளும் அடங்கும். நார்ச்சத்து மிகுதியாக உண்டவர்களிடம் மரணம், இதயநோய், பக்கவாதம், இரண்டாம் வகை நீரிழிவு ஆகியவை 15 முதல் 30 விழுக்காடு குறைவு. நாளுக்கு 25-29 கிராம் உண்டவர்களிடம் பலன் நன்றாகத் தெரிந்தது. அவதானிப்பு மட்டும் காரணத்தை நிறுவாது. சோதனைகளும் அதே திசையில் நிற்பதால்தான் நான் நம்புகிறேன்.

சனி

நம்மவர்களுக்கு இது பொழுதுபோக்கு விவாதம் அல்ல. 2010 தேசியச் சுகாதார ஆய்வில் சிங்கப்பூர் இந்தியரில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, சீனரில் 9.7. 2016இல் அரசாங்கம் நீரிழிவுக்கு எதிராகப் போரே அறிவித்தது. சுகாதார மேம்பாட்டு வாரியம் நாளுக்கு ஆண்களுக்கு 26 கிராம், பெண்களுக்கு 20 கிராம் நார்ச்சத்து சொல்கிறது. எழுபது கிராம் ஓட்ஸ் அதில் ஏழு கிராம் அளவே தரும். மீதி எங்கிருந்து வரும்? ரேஸ் கோர்ஸ் சாலையின் வாழையிலைச் சாப்பாட்டைப் பாருங்கள்: சாதம் குவியலாக, பருப்பு ஒரு கரண்டி, பொரியல் ஓரத்தில் ஒரு பிடி. பருப்பு தினமும் சாப்பிடுகிறோமே என்று சொல்வார்கள். சாப்பிடுகிறோம், அளவுதான் போதாது. 26 சோதனைகளைத் தொகுத்த 2014ஆம் ஆண்டு ஆய்வில், நாளுக்குச் சுமார் 130 கிராம் வெந்த பயறு, பருப்பு வகைகள் எல்டிஎல்லை 5 விழுக்காடு குறைத்தன. ஓட்ஸுக்குக் கிடைப்பதை நெருங்கிவரும் பலன் அது. ஓட்ஸ் பிடிக்காதவர் வருந்த வேண்டியதில்லை. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், அதே அளவு சாதத்தைக் குறைத்துவிட்டுத் தினமும் சாப்பிடலாம். புதிதாகத் தொடங்குகிறவர் அளவை வாரம் வாரமாகக் கூட்டி, தண்ணீரும் நிறையக் குடித்தால் வயிறு உப்புவது குறையும்.