சிவப்பு ஆமை, பச்சை ஆமை

உங்கள் வீட்டில் பதினைந்து வயதுக்கு மேல் ஒரு பையன் இருந்து, அவன் கையில் வீடியோ கேம் கன்ட்ரோலரும் இருந்தால், இந்தச் சண்டை உங்கள் காதில் விழுந்திருக்கும்.

"என் மெஷின்லதான் கிராஃபிக்ஸ் சூப்பர்."

"போடா, ரெண்டும் ஒண்ணுதான்."

எங்கள் வீட்டில் அந்தப் பையன், என் அக்கா மகன். 2021-ல் இன்ஜினீயரிங் சேர்ந்தபோது, 'ஹாஸ்டல் சாப்பாடெல்லாம் அவனுக்கு ஒத்துக்காது, உன் வீட்டிலேயே இருக்கட்டும்' என்று அக்கா தீர்ப்பு சொல்லிவிட்டாள். அவன் பெட்டியோடு வந்து இறங்கிய சந்தோஷத்தில், கேம் கன்சோல் வாங்கித் தருவதாக நான் வாயை விட்டுவிட்டேன்.

நான் பி.காம். படித்தவன். கடைக்குப் போகுமுன் காகிதத்தில் கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதிப் பார்ப்பவன். இந்தியாவுக்கு வந்தபோது ப்ளேஸ்டேஷன் 5-ன் விலை 49,990 ரூபாய். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் 34,990. இரண்டிலும் பெரும்பாலும் அதே ஆட்டங்கள்தான். பதினைந்தாயிரம் மிச்சம்! சின்னதை வாங்கி வந்து, ஏதோ சாதித்துவிட்ட மாதிரி மீசையைத் தடவிக்கொண்டேன்.

வினை அவன் சிநேகிதன் ரூபத்தில் வந்தது. அந்தப் பையனுக்கு துபாய் சித்தப்பா ப்ளேஸ்டேஷன் 5 கொண்டுவந்து கொடுத்திருந்தார். வாரா வாரம் சனிக்கிழமை எங்கள் ஹாலில் பட்டிமன்றம். இதற்கு 'கிராஃபிக்ஸ் பாரிட்டி' என்று பெயராம். ஒரே ஆட்டம், போட்டிக் கம்பெனிகளின் இரண்டு கன்சோல்களிலும் ஒரே தரத்தில் தெரிய வேண்டுமா, வேண்டாமா? கடைசியில் என்னை நடுவராக்கினார்கள்.

"நீங்களே சொல்லுங்க மாமா, இதெல்லாம் ஒரு வித்தியாசமா?"

சிக்கனமாக வாங்கியவனிடமே கேட்டால் என்ன சொல்வேன்? "வித்தியாசமே இல்லைடா" என்று அடித்துச் சொன்னேன். ஆதாரத்தோடும் சொன்னேன். கேளுங்கள்.

2014-ல் இதே விஷயத்துக்கு உலகளவில் ஒரு ரகளை நடந்தது. யூபிசாஃப்ட் கம்பெனியின் 'அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி' என்ற ஆட்டம் வெளிவரவிருந்த சமயம். ப்ளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டிலும் படம் 900பி அளவில்தான் ஓடும் என்றார் தயாரிப்பாளர் ஒருவர். விவாதங்களைத் தவிர்க்கத்தான் இரண்டுக்கும் ஒரே அளவு என்று வேறு சொல்லிவைத்தார். போதாதா? காகிதக் கணக்கில் ப்ளேஸ்டேஷன் 4-ன் கிராஃபிக்ஸ் திறன் 1.84 டெராஃப்ளாப். எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு 1.31. 'அவன் மெஷின் மெதுவாக ஓடினால் என் மெஷினுக்கும் ஏன் கடிவாளம்?' என்று ப்ளேஸ்டேஷன்காரர்கள் கொதித்துவிட்டார்கள். எதையும் வேண்டுமென்று குறைக்கவில்லை என்று கம்பெனி விளக்கம் கொடுத்தும் சூடு ஆறவில்லை.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்த ஆட்டத்தின் கதை நடப்பது பிரெஞ்சுப் புரட்சி காலத்துப் பாரிஸில். சமத்துவத்துக்காகத் தலைகள் உருண்ட ஊர் அது. அந்த ஊரை வைத்துச் செய்த ஆட்டத்துக்கு எதிராக, 'எங்களுக்குச் சமத்துவம் வேண்டாம்' என்று ஒரு புரட்சி!

நவம்பரில் ஆட்டம் வந்தது. இரண்டு கன்சோலிலும் கூட்டக் காட்சிகள் திக்கித் திணறின. சோதித்துப் பார்த்தவர்கள், சில இடங்களில் எக்ஸ்பாக்ஸில்தான் ஓட்டம் கொஞ்சம் சீராக இருக்கிறது என்றார்கள். கம்ப்யூட்டரில் ஆடியவர்களுக்கோ சில பாத்திரங்களின் முகமே வரவில்லை. கண்ணும் பல்லும் மட்டும் அந்தரத்தில் தொங்கின. கம்பெனி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, அடுத்து விற்பதாக இருந்த கூடுதல் அத்தியாயத்தை இலவசமாகக் கொடுத்தது. முகமே இல்லாத இடத்தில் பிக்சல் எண்ணி என்ன பயன்?

அதையும் எண்ணிப் பார்த்தேன். 900பி என்றால் 1600 பெருக்கல் 900, பதினாலு லட்சத்து நாற்பதாயிரம் புள்ளிகள். 1080பி என்றால் இருபது லட்சத்து எழுபத்து மூவாயிரம் சொச்சம். காகிதத்தில் 44 சதவிகிதம் அதிகம். ஆனால் 43 இன்ச் டி.வி.யை ஏழடி தள்ளி உட்கார்ந்து பார்த்தால், இரண்டிலுமே தனிப் புள்ளியைப் பிரித்துப் பார்ப்பது சராசரிக் கண்ணுக்குக் கஷ்டம். ஓட்டம் வேறு விஷயம். நொடிக்கு 30 படம், 60 படம் என்கிற வித்தியாசம் கைக்கே தெரியும். பட்டனை அழுத்தியதும் ஆள் குதிப்பதில் தெரியும்.

சரித்திரமும் என் கட்சிதான். 1989-ல் நின்டெண்டோவின் கேம் பாய் வந்தது. பாசி படிந்த குளம் மாதிரி ஒரு திரை, வண்ணமே கிடையாது. அடுத்த வருடமே சேகா கம்பெனி கலர் திரையோடு கேம் கியரைக் கொண்டுவந்தது. ஆறு பேட்டரி போட்டால் நாலைந்து மணி நேரத்தில் தின்று தீர்த்தது. கேம் பாய், பின்னால் வந்த கலர் தம்பியையும் சேர்த்து 11 கோடிக்கு மேல் விற்றது. கேம் கியர் சுமார் 1 கோடி. பிறகு வந்த ப்ளேஸ்டேஷன் 2-ம் எக்ஸ்பாக்ஸைவிட சக்தி குறைந்ததுதான். விற்பனை என்னவோ 15 கோடிக்கு மேல். எக்ஸ்பாக்ஸ் இரண்டரைக் கோடியைக்கூடத் தொடவில்லை.

ஆகவே நடுவர் தீர்ப்பு: கிராஃபிக்ஸில் ஏற்றத்தாழ்வு ஒரு பொருட்டே அல்ல. பையன் முகத்தில் வெற்றிப் புன்னகை. சிநேகிதன் மட்டும், "அங்கிள், நீங்க சின்ன வயசுல கலர் டி.வி.யிலயா விளையாடினீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டான்.

சுருக்கென்றது.

எனக்குப் பன்னிரண்டு வயது. முழுப் பரீட்சை லீவு. அப்பா போனஸ் பணத்தில் கேசட் போடுகிற டி.வி. கேம் வாங்கிவந்தார். எங்களிடம் இருந்தது கறுப்பு வெள்ளை போர்ட்டபிள். எதிர்வீட்டுப் பையனிடம் அதே கேம், ஆனால் கலர் டி.வி. 'ரெண்டும் ஒண்ணுதான்டா' என்று அவனிடம் சாதித்தேன். எனக்குத் தெரியும், ஒன்றில்லை என்று.

மரியோ ஆடியவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அதில் ஆமைகள் வரும். பச்சை ஆமை மேடையின் விளிம்பு வரை வந்து, அப்படியே கீழே விழும். சிவப்பு ஆமை விளிம்பைக் கண்டதும் சமர்த்தாகத் திரும்பிப் போய்விடும். உருவம் ஒன்றேதான், நிறம்தான் வேறு. எங்கள் டி.வி.யில் இரண்டும் சாம்பல். கீழே நிற்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியாது. எத்தனை உயிர் போயிருக்கும்! அப்பாவிடம் கலர் டி.வி. கேட்க வாய் வரவில்லை. கேம் வாங்கியதே அவர் சக்திக்கு மீறியது.

எதிர்வீட்டுப் பையன் ஒருநாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கேலி செய்யப்போகிறான் என்று நினைத்தேன். அவனுக்கு எந்த இடத்தில் எந்த ஆமை என்பது மனப்பாடம். "இது பச்சை, தள்ளிக்கோ... இது சிவப்பு, பயப்படாத" என்று சொல்லிக்கொண்டே வந்தான். அந்த லீவு முழுக்க என் கலர் டி.வி. அவன்தான்.

என் தீர்ப்பில் ஓட்டை இருப்பது அன்றே தெரிந்தது. நிரூபணம் 2023-ல் வந்தது.

அந்த வருடம் ஊரெல்லாம் பேசிய ஆட்டம் 'பால்டர்ஸ் கேட் 3'. லாரியன் என்ற பெல்ஜியம் கம்பெனியின் தயாரிப்பு. செப்டம்பரில் ப்ளேஸ்டேஷன் 5-க்கு வந்துவிட்டது. எக்ஸ்பாக்ஸுக்கு வரவில்லை. பெரிய எக்ஸ்பாக்ஸில் உள்ள வசதிகள் சின்னதிலும் இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் விதி. இந்த ஆட்டத்தில் ஒரே டி.வி.யை இரண்டாகப் பிரித்து இரண்டு பேர் ஆடலாம். இருவரும் ஆளுக்கொரு திசையில் போனால், மெஷின் இரண்டு இடங்களையும் ஒரே நேரத்தில் நினைவில் வைத்திருக்க வேண்டும். பெரியதில் நினைவகம் 16 ஜிபி, சின்னதில் 10 ஜிபி. சின்னதால் முடியவில்லை. கடைசியில் விதியைத் தளர்த்தி, டிசம்பரில்தான் எக்ஸ்பாக்ஸுக்கு வந்தது. சின்னதில் மட்டும் அந்த இருவர் ஆட்டம் கிடையாது.

கவனித்தீர்களா? புல்லின் நுனியோ வாளின் பளபளப்போ குறைந்திருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். குறைந்தது, பக்கத்தில் உட்காரும் சிநேகிதனின் இடம். கன்சோலைக் குற்றம் சொல்ல மாட்டேன். அதன் விலைக்கு ஒழுங்காகவே உழைத்தது. பதினைந்தாயிரம் மிச்சம் என்று வரவுப் பக்கம் எழுதியவன், பற்றுப் பக்கத்தில் இதை எழுத மறந்தேன். சனிக்கிழமை கச்சேரி அந்தப் பையன் வீட்டுக்கு மாறியது. எங்கள் ஹால் அமைதியானது. அந்த அமைதி நன்றாக இல்லை.

2025 ஏப்ரலில் லாரியன் ஒரு புது அப்டேட் விட்டது. சீரிஸ் எஸ்-லும் இருவர் ஆட்டம் வந்துவிட்டது! செய்தியைப் படித்துவிட்டு, பெருமையாக அவனிடம் போய்ச் சொன்னேன்.

"தெரியும் மாமா. ஆனா அவன் பெங்களூருல வேலைக்குப் போயிட்டானே."

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. அவன்தான் சிரித்தான். அதே அப்டேட்டில் இன்னொன்றும் இருந்ததாம், க்ராஸ் ப்ளே. போட்டிக் கம்பெனிகளின் கன்சோல்களை வைத்திருப்பவர்கள், எந்த ஊரிலிருந்தும் ஒரே ஆட்டத்தில் சேரலாம்.

இப்போதும் சனிக்கிழமை ராத்திரி ஹாலில் சத்தம் கேட்கிறது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பெங்களூருக்காரனிடம் கத்துகிறான். அந்தப் பக்கம் படம் இன்னும் பளிச்சென்றுதான் தெரியுமாம். இவன் திரையில் ஒரு குகை இருட்டாக இருந்தது போல.

"எனக்கு ஒண்ணும் தெரியலடா" என்றான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "சரி, வலது பக்கம்தானே? நீ சொல்லு, நான் வரேன்" என்றான்.

பச்சை ஆமை, தள்ளிக்கோ.