செவியில் துளிர்க்கும் நம்பிக்கை

உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுத்த தொல்காப்பியர், தொடுவுணர்வை முதற்படியாகவும் செவியுணர்வை ஐந்தாம் படியாகவும் வைத்தார். அதற்கும் மேலே அவர் கண்டது மனம் ஒன்றே. வள்ளுவரோ, கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்விக்கென்றே தனி அதிகாரம் ஒன்றை அமைத்தார். ஏடும் எழுத்தாணியும் சிலர் கையில் மட்டுமே இருந்த காலத்தில், தமிழ் செவி வழியாகவே தலைமுறை தலைமுறையாக நடந்து வந்தது. தாலாட்டும் ஒப்பாரியும், திண்ணைப் பள்ளியின் பாடமும் கோயில் மண்டபத்துக் கதையும் அவ்வழியே வந்தவைதாம். இத்துணைச் சிறப்புடைய புலன் எத்துணை மெல்லிய உறுப்பை நம்பி நிற்கிறது என்பதை, அதனை இழக்கும்வரை மனிதன் எண்ணிப் பார்ப்பதில்லை.

வெளியிலிருந்து வரும் ஒலி செவிப்பறையை அதிரச் செய்கிறது. சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் அவ்வதிர்வை உட்செவிக்குக் கொண்டு செல்கின்றன. அங்கே பட்டாணி அளவில், இரண்டரைச் சுற்றுச் சுற்றிய நத்தைக்கூடு போன்ற ஓர் உறுப்பு உண்டு. அச்சுருளை நீட்டி விரித்தால் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். அதன் உள்ளே, நீரால் சூழப்பட்டு, ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வோர் அணுவின் தலையிலும் கண்ணுக்குப் புலனாகாத நுண்மயிர்க் கற்றை ஒன்று உள்ளது. ஒலியலையில் அம்மயிர்கள் சாயும்போது நுண்ணிய வாயில்கள் திறக்கின்றன. மின்னேற்றம் பெற்ற துகள்கள் உள்ளே பாய்கின்றன. அணுவின் அடிப்பகுதி நரம்புக்குச் செய்தி அனுப்புகிறது. காற்றின் அசைவு இவ்வாறுதான் சொல்லாகவும் இசையாகவும் மூளையை அடைகிறது. இவ்வுறுப்பை இத்தாலிய அறிஞர் அல்ஃபோன்சோ கோர்ட்டி 1851-ஆம் ஆண்டில் விளக்கினார். ஒலியலை அதனுள் பயணம் செய்யும் முறையைக் கண்டறிந்த கியோர்க் ஃபான் பெக்கெசி 1961-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

கண்ணில் ஒளியுணரும் அணுக்கள் கோடிக்கணக்கில் உள்ளன. செவிக்கு வாய்த்தவையோ சில ஆயிரங்களே. அவையும் தாயின் கருவறையிலேயே தோன்றி முடிந்துவிடுகின்றன. தோல் உரிந்தால் புதுத்தோல் வளரும். எலும்பு முறிந்தால் கூடும். மயிரணு மடிந்தால் மடிந்ததுதான். ஆலையின் பேரிரைச்சல், வெடியோசை, சில உயிர்காக்கும் மருந்துகள், முதுமை ஆகிய அனைத்தும் அவற்றை அழிக்க வல்லவை. காசநோயை வென்ற ஸ்ட்ரெப்டோமைசின், நோயாளிகள் சிலரின் செவியைப் பறித்துக்கொண்டதை மருத்துவ வரலாறு மறக்கவில்லை.

இவ்வழிவு பெரும்பாலும் சுருளின் வாயிலிலிருந்தே தொடங்குகிறது. வாயிலருகே உள்ள அணுக்கள் உச்ச ஒலிகளுக்கு உரியவை. உள்ளே செல்லச் செல்லத் தாழ்ந்த ஒலிகளுக்கு உரியவை. ஆகவே, செவி மங்குவோருக்கு உச்ச ஒலிகளே முதலில் மறைகின்றன. இதன் விளைவைத் தமிழாசிரியர்கள் எளிதில் உணர்வர். உயிரெழுத்துகளின் வலிமை பெரும்பாலும் தாழ்ந்த ஒலிகளில் உள்ளது. வல்லின மெய்களை வேறுபடுத்தும் நுட்பமோ உச்ச ஒலிகளில் உள்ளது. எனவே அன்னோருக்கு உயிர் கேட்கும், மெய் நழுவும். ‘பத்து’ என்றது ‘பட்டு’ எனப்படும். ‘காசு’ என்றது ‘காது’ எனப்படும். “குரல் கேட்கிறது, சொல்தான் விளங்கவில்லை” என்று முதியோர் கூறுவது இதனாலேயே. அருகிலிருப்போர் இதனை அறியாமல் மேலும் உரக்கக் கத்துகின்றனர். கத்தும்போது உயிரொலிதான் பெருகுகிறது, மெய்யொலி தெளிவதில்லை.

நாற்பதாண்டுகள் வகுப்பறையில் நின்று, லகர ளகர ழகர வேறுபாட்டை மாணவர் நாவில் பதிய வைத்த ஆசிரியர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். முதுமையில் அவர் பேரக்குழந்தையின் மழலையைக் கேட்டுத் தலையசைக்கிறார். ஆனால், குழந்தை என்ன சொன்னது என்பது அவருக்குத் தெரியாது. திருமண வீட்டில் எல்லாரும் சிரிக்கும்போது அவரும் சிரிக்கிறார். சில நாளில், வெளியே செல்வதையே தவிர்க்கிறார். செவிக்குறை ஒலியை மட்டும் பறிப்பதன்று; உறவையும் சிறிது சிறிதாகப் பறிப்பதாகும். இத்தகையோர் சிலரல்லர். மறுவாழ்வுத் துணை வேண்டுமளவு செவித்திறன் இழந்தோர் 43 கோடிக்கு மேற்பட்டோர் என்றும், 2050-ஆம் ஆண்டில் அத்தொகை 70 கோடியைத் தாண்டக்கூடும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியது.

மடிந்த அணு மீளாது என்பதே நெடுங்காலம் மருத்துவ நூல்களின் முடிந்த முடிபாக இருந்தது. அம்முடிபை அசைத்தவை கோழிக்குஞ்சுகள்! 1980-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் பேரொலியாலும் மருந்தாலும் குஞ்சுகளின் உட்செவியைச் சிதைத்து, சிதைவின் அளவைக் கணக்கிட்டு வந்தனர். நாள் செல்லச் செல்லச் சிதைவு மிகும் அல்லது நிலைத்து நிற்கும் என்பதே அவர்களது எதிர்பார்ப்பு. அதற்கு மாறாகச் சிதைவு குறைந்து காணப்பட்டது. பழைய அணுக்கள் மடிந்த இடத்தில் இளைய அணுக்கள் தலைநீட்டியிருந்தன. 1987, 1988 ஆகிய ஆண்டுகளில் டக்ளஸ் கோட்டான்ச், ஜெஃப்ரி கார்வின், எட்வின் ரூபெல், பிரெண்டா ரயல்ஸ் முதலியோர் வெளியிட்ட ஆய்வுகள் இதனை உறுதிப்படுத்தின. வளர்ந்த காடைகளிலும் அவ்வாறே நிகழ்ந்தது. மயிரணுக்களைச் சூழ்ந்து நிற்கும் தாங்கணுக்களே, காலியான இடத்தை நிரப்பப் புது மயிரணுக்களாக உருமாறுகின்றன என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. மீன்களிடமும் இவ்வாற்றல் உண்டு.

காடைக்கும் கோழிக்கும் இயற்கை வழங்கியதை மனிதனுக்கு ஏன் மறுத்தது? இக்கேள்வியே அன்றுமுதல் ஆய்வுக்கூடங்களை இயக்கி வருகிறது. மனிதனின் உட்செவியிலும் தாங்கணுக்கள் உள்ளன. ஆனால், வளர்ச்சி முற்றியபின் அவை உருமாறும் ஆற்றலை இழந்து உறங்கிவிடுகின்றன. அவற்றை எழுப்பும் திறவுகோலைத் தேடியவர்கள், மயிரணு தோன்ற இன்றியமையாத ஏட்டோ-1 என்னும் மரபணுவை 1999-ஆம் ஆண்டில் இனங்கண்டனர். 2005-ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் யெஹோஷ் ரஃபேலின் குழுவினர், செவிடாக்கப்பட்ட கினிப்பன்றிகளின் செவிக்குள் அம்மரபணுவைச் செலுத்தினர். புது மயிரணுக்கள் தோன்றின. கேட்கும் திறனும் ஓரளவு மீண்டது. 2013-ஆம் ஆண்டில் ஆல்பர்ட் எட்ஜின் குழுவினர், தாங்கணுக்களைத் தடுத்து நிறுத்தும் சமிக்ஞை ஒன்றை மருந்தால் அடக்கி, பேரொலியால் செவிகெட்ட எலிகளில் சிறிதளவு திறனை மீட்டனர்.

எலியின் செவியிலிருந்து மனிதச் செவிக்குச் செல்லும் வழி நெடிது. ஏட்டோ-1 மரபணுவை மனிதச் செவிக்குள் செலுத்தும் சோதனை 2014-ஆம் ஆண்டில் தொடங்கியது. அதிலிருந்து மருந்தெதுவும் பிறக்கவில்லை. இலண்டனை மையமாகக் கொண்டு ஐரோப்பிய ஆய்வாளர்கள் நடத்திய மற்றொரு சோதனையின் முடிவுகள் 2024-ஆம் ஆண்டில் வெளியாயின. அதன் முதன்மை இலக்கு எட்டப்படவில்லை. ஃபிரீக்குவன்சி தெரபியூட்டிக்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் மருந்து, தொடக்கச் சோதனையில் சிலருக்குச் சொற்களை ஓரளவு தெளிவாக விளங்கச் செய்ததாகத் தோன்றியது. செய்தி பரவியது, செவிக்குறையுடையோர் பலர் ஆவலோடு காத்திருந்தனர். 2023 பிப்ரவரியில் பெரிய சோதனையின் முடிவு வந்தது. மருந்து பெற்றோருக்கும் வெறும் போலி மருந்து பெற்றோருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. அத்திட்டம் கைவிடப்பட்டது.

தோல்விக்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. புது அணு தோன்றினால் மட்டும் போதாது. அது உரிய வரிசையில், உரிய வகையில் தோன்ற வேண்டும். அதன் மயிர்க்கற்றை உரிய திசையில் நிற்க வேண்டும். நரம்பின் இழை அதனைத் தேடி வந்து இணைய வேண்டும். ஆண்டுக்கணக்கில் செவி மங்கியோரிடம் தாங்கணுக்களே சிதைந்திருக்கலாம், நரம்பும் தேய்ந்திருக்கலாம். மண்ணே கெட்ட நிலத்தில் விதை மட்டும் நல்லதாயிருந்து என்ன பயன்?

ஆயினும், கீழ்வானம் முற்றிலும் இருண்டுவிடவில்லை. ஓட்டோஃபெர்லின் என்னும் புரதத்துக்குரிய மரபணு பழுதுபட்டால், மயிரணுக்கள் உயிரோடிருந்தும் நரம்புக்குச் செய்தி அனுப்ப இயலாமல் ஊமையாகிவிடும். அவ்வாறு பிறவியிலேயே செவிடான ஆறு குழந்தைகளுக்குச் சீனாவின் ஷாங்காய் நகரத்து ஃபூடான் பல்கலைக்கழக மருத்துவர்கள் நல்ல மரபணுவைச் செலுத்தினர். ஐவர் கேட்கும் திறன் பெற்றனர் என்னும் செய்தி 2024 ஜனவரியில் ‘லேன்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தது. இது மடிந்த அணுவை மீட்டதன்று; இருந்த அணுவைப் பேச வைத்ததே. எனினும், உட்செவிக்குள் மருந்தைக் கொண்டு சேர்த்து, ஊறின்றி வேலை வாங்க இயலும் என்பதை அது காட்டிவிட்டது. தேடுவோருக்கு இது சிறிய துணையன்று.

நம்பிக்கை நல்லது. ஆனால், நம்பிக்கையின் பெயரால் இன்றைய கடமையைத் தள்ளிப்போடுவது தீங்கு. குழந்தையின் மூளை மொழியைப் பற்றிக்கொள்ளும் பருவம் முதற்சில ஆண்டுகளே. “நாளை மருந்து வரும்” என்று காத்திருக்கும் பெற்றோர், மீண்டும் வாராத அப்பருவத்தை இழந்துவிடுவர். மயிரணுக்களைத் தாண்டி நரம்பையே மின்னோட்டத்தால் தூண்டும் கருவிக்கு, 1957-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் வித்திடப்பட்டது. 1978-ஆம் ஆண்டில் மெல்பர்னில் கிரேயம் கிளார்க் பல மின்முனைகள் கொண்ட கருவியைப் பொருத்தினார். இன்று அத்தகைய கருவிகளால் இலட்சக்கணக்கானோர் கேட்கின்றனர். கருவியை நாடாமல் சைகை மொழியிலேயே நிறைவாழ்வு வாழ்வோரும் உள்ளனர். அதுவும் இலக்கணமுடைய மொழியே. அவர்களைக் குறையுடையோர் என்று இரங்கி நோக்குவது அறியாமை. எவ்வழியாயினும் குழந்தைக்கு உரிய காலத்தில் ஒரு மொழி கிட்ட வேண்டும்; அதுவே முதன்மை.

இருக்கும் அணுக்களைக் காப்பதும் இன்றே செய்யத்தக்கது. 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்டல் தீது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒலி மிகமிக, பொறுக்கும் நேரம் விரைந்து சுருங்கும். காதுக்குள் ஒலிக்கருவியைச் செருகிக்கொண்டு நடக்கும் இளைஞருக்கு இதனை எடுத்துரைப்பவர் யார்? ஆசிரியரே. கடைசி வரிசையில் அமர்ந்து, வினாவுக்கு மாறான விடை கூறும் மாணவனை மந்தன் என்று ஒதுக்காமல், அவன் செவியைச் சோதிக்கச் சொல்ல வேண்டியவரும் அவரே.

ஆய்வுக்கூடத்தில் ஒருநாள் திறவுகோல் கிடைக்கலாம். அன்று, மங்கிய செவிகளில் மெய்யெழுத்துகள் மீண்டும் வந்து அமரும். அதற்கு எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று எவராலும் நாள் குறித்துச் சொல்ல இயலாது. அதுவரை, செவி மங்கியவர் எதிரே முகம் காட்டி அமர்ந்து, சொல்லைத் தெளிவாகவும் மெதுவாகவும் சொல்லும் பொறுமை மற்றவர்க்கு வேண்டும். அப்பொறுமைக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. மனம் இருந்தால் போதும். தொல்காப்பியர் செவிக்கு அடுத்த படியில் மனத்தை வைத்தது பொருள் நிறைந்ததே.