சீனி அளக்கும் கருவி யாருடையது?

எமது பாடசாலையில் மாணவரின் கைத்தொலைபேசி ஒரு குற்றப்பொருள். வாயிலிற் பிடிபட்டால் அதிபரின் அலுமாரிக்குள் அடைபடும். பெற்றோர் வந்து கையொப்பமிட்டே அதனை மீட்டுச் செல்லல் வேண்டும். இவ்விதியை நான் குறை கூறுபவனல்லன். படிக்கும் பிள்ளையின் கவனத்தைப் பிடித்து விற்கும் வியாபாரமொன்று அச்சிறு கண்ணாடித் திரைக்குப் பின்னால் நடைபெறுகிறது. வகுப்பறையாவது அவ்வியாபாரத்துக்கு எட்டாத இடமாக இருத்தல் வேண்டும் என்பதே எனது கருத்து. ஆயினும், எந்த விதியும் அது இயற்றப்பட்ட காலத்து நிலைமைகளையே கண்முன் கொண்டிருக்கும். புதிய நிலைமை தோன்றும்போது விதியின் எழுத்தைப் பார்ப்பதா, அதன் நோக்கத்தைப் பார்ப்பதா என்ற வினா எழுகிறது. அத்தகைய வினாவொன்று சென்ற ஆண்டு எமது ஆசிரியர் கூட்டத்தில் எழுந்தது.

பத்தாந் தரத்தில் எனது தமிழ் வகுப்பிலிருக்கும் மாணவியொருத்திக்கு நீரிழிவு நோய். எங்கள் ஊர் முதியோர் இதனைச் சலரோகம் என்பர். இன்று சீனி வருத்தம் என்பதே பெருவழக்கு. வயது சென்றோருக்கு வரும் நோய் என்றே பலரும் எண்ணுகின்றனர். இவளுக்கு வந்தது அதுவன்று. முதலாம் வகை என வைத்தியர்கள் கூறும் இந்நோயில், உடலின் காப்புப்படையே சதையியிலுள்ள இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்துவிடுகிறது. தின்ற இனிப்பு இதற்குக் காரணமன்று. பிள்ளை செய்த தவறு எதுவுமில்லை. வெளியிலிருந்து நாள்தோறும் இன்சுலின் ஏற்றாவிடில் உயிர் தரிக்காது. ஏற்றும் அளவு சிறிது கூடினாலோ, ஏற்றிய பின் உணவு பிந்தினாலோ, குருதியிற் சீனி விழுந்து வியர்வை, நடுக்கம், தடுமாற்றம், மயக்கம் என்று நிலைமை விரைந்து முற்றும். டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குவது எச்சரிக்கை. 54க்குக் கீழே இறங்குவது பேராபத்து.

இன்சுலினின் வரலாறு மனித குலம் பெருமைப்படத்தக்கது. 1921 ஆம் ஆண்டு கனடாவின் ரொறன்ரோ நகரில் பன்ரிங்கும் பெஸ்ற்றும் அதனைப் பிரித்தெடுக்கும் முயற்சியில் இறங்கினர். 1922 தை மாதத்தில் அந்நகர வைத்தியசாலையொன்றில் 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாக ஏற்றப்பட்டது. அதற்கு முன்னர் இந்நோய் கண்ட பிள்ளைகள் பட்டினிப் பத்தியத்திற் சில காலம் உயிரை இழுத்துப் பிடித்திருந்து மாண்டனர். 1923 இல் பன்ரிங், பெஸ்ற், கொலிப் ஆகிய மூவரும் தமது காப்புரிமையை ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக்குத் தலைக்கு ஒரு டொலருக்குக் கொடுத்துவிட்டனர். இந்த ஒரு டொலரை வாசகர்கள் கட்டுரையின் இறுதிவரை மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

மருந்து கிடைத்தால் மட்டும் போதாது. எவ்வளவு ஏற்றுவது என்பதை அறிவதற்குச் சீனியை அளத்தல் வேண்டும். நொதியத்தின் துணையுடன் குளுக்கோசை மின்னோட்டமாக மாற்றி அளக்கும் வழியைக் கிளார்க் என்ற அமெரிக்க அறிஞரும் அவரது சகாவும் 1962 இல் எடுத்துக்கூறினர். விரலிற் குத்திக் கீற்றில் இரத்தம் தொட்டு அளக்கும் முறை அந்நெறியிற் பரவியது. 2014 இல் அபொட் நிறுவனத்தின் லிப்ரே ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. மேற்கையில் ஒட்டப்படும் ஒரு வட்டத் தகடு. அதிலிருந்து தோலுக்குக் கீழே ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் இறங்கும் மெல்லிய இழை. பதினான்கு நாள்வரை அது கலங்களுக்கிடையேயுள்ள பாயத்தில் சீனியை அளந்துகொண்டேயிருக்கும். அதன் இரண்டாம் வகை, சீனி விழும்போது தானாகவே ஒலியெழுப்பி எச்சரிக்கும்.

ஆனால் தகட்டுக்கு வாயில்லை. அது அளந்ததைக் காட்டுவதற்கு வேறொரு கருவி வேண்டும். அக்கருவி கைத்தொலைபேசியாக இருக்கலாம். அல்லது இதற்கென்றே செய்யப்பட்ட, உள்ளங்கையில் அடங்கும் வாசிப்புக் கருவியாக இருக்கலாம். வசதி படைத்த நாடுகளில் இவ்விரண்டுக்குமிடையே தெரிவு செய்வது ஒருவரது விருப்பத்தைப் பொறுத்தது. எங்கள் ஊரில் அது அவ்வாறிருக்கவில்லை.

மாணவியின் தந்தை மேசன் தொழிலாளி. தாய் வீட்டிலிருந்து தைப்பவர். தகடுகளை ரொறன்ரோவிலுள்ள தாய்மாமன் ஊருக்கு வருவோரிடம் கொடுத்தனுப்புகிறார். நல்ல தொலைபேசி வீட்டில் ஒன்றுதான். அது தாயின் தையற் கணக்குக்கும், தந்தையின் வேலைச் செய்திக்கும், தம்பியின் பாடத்துக்கும், வெளிநாட்டு அழைப்புக்கும் பொதுவானது. 2020 இலும் 2021 இலும் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது, ஒரு தொலைபேசியை மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பார்த்த வீடுகளை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம். ஏழை வீட்டிலே தொலைபேசி தனிமனிதரின் உடைமையன்று. கிணற்றைப் போல அது குடும்பத்துக்குரியது. அதனைப் பிள்ளை பாடசாலைக்குக் கொண்டுவந்தால் வீடு ஊமையாகிறது. வீட்டில் விட்டுவந்தால் பிள்ளையின் கையிலுள்ள தகடு ஊமையாகிறது.

வீட்டார் துணிந்து தொலைபேசியைக் கொடுத்தனுப்பினர். விதி குறுக்கே நின்றது. கூட்டத்தில் மூத்த ஆசிரியரொருவர், "இண்டைக்கு இந்தப் பிள்ளைக்கு விட்டால், நாளைக்கு எல்லாரும் வருத்தச் சீட்டோடை வந்து நிப்பினம்" என்றார். அவரது அச்சம் முற்றிலும் பொய்யன்று. தொலைபேசியை அலுவலகத்தில் வைத்துவிட்டு, இடைவேளையில் வந்து பார்க்கட்டும் என்ற சமரசம் முன்வைக்கப்பட்டது. நியாயமான தீர்வு போலவே தோன்றியது. ஆனால் தகட்டின் அலை தடையற்ற வெளியில் ஏறத்தாழ 6 மீற்றருக்கே எட்டும். எமது அலுவலகத்துக்கும் பத்தாந் தர வகுப்புக்குமிடையே ஒரு மைதானம் கிடக்கிறது.

இவ்விடத்தில் இன்னொன்றும் கவனிக்கற்பாலது. தகடு இறுதி 8 மணி நேரப் பதிவைத் தன்னுள்ளே வைத்திருக்கும். ஆகவே பாடசாலை முடிந்த பின் தொலைபேசியை அருகே கொண்டுசென்றால் காலை முதல் நிகழ்ந்த ஏற்ற இறக்கங்கள் யாவும் கோடாக விரியும். பதிவிற் குறையேதும் இராது. ஆனால் பத்து மணிக்குச் சீனி விழுந்ததைப் பகல் இரண்டு மணிக்கு அறிவதால் என்ன பயன்? அது வரலாறேயன்றிக் காவலன்று. இதனை நான் கூட்டத்திற் கூறினேன். முடிவு பின்போடப்பட்டது.

பின்போடப்பட்ட முடிவைத் தீர்த்துவைத்தது நாமல்ல, ரொறன்ரோ மாமனார்தான். அடுத்த மாதம் அவர் வாசிப்புக் கருவியொன்றை அனுப்பிவைத்தார். அதில் விளையாட்டில்லை, படமில்லை, முகநூலில்லை. ஓர் இலக்கமும் ஓர் அம்புக்குறியும் ஒரு கோடும் மட்டுமே உண்டு. எவ்வித விவாதமுமின்றி அது அனுமதிக்கப்பட்டது. தொலைபேசியும் அதே தகட்டின் அதே இலக்கத்தையே காட்டியது. நாம் தடுத்ததும் அனுமதித்ததும் பயனை நோக்கியன்று, உருவத்தை நோக்கியே.

எது சிறந்தது என்ற கேள்விக்கு விடை ஒரு சொல்லில் அடங்காது. தொலைபேசியின் சிறப்பு, அளவைத் தொலைவிலுள்ளோருக்கும் அறிவிப்பது. பிள்ளை உறங்கும்போது தாய் விழித்தெழ அது உதவும். வாசிப்புக் கருவி தனித்து நிற்பது. கணினியுடன் இணைத்தாலன்றி அதன் பதிவு வெளியே செல்லாது. ஆனால் தொலைபேசி நூறு வேலை செய்வது. நூறில் ஒன்றாகவே உயிர்காக்கும் வேலையையும் செய்கிறது. ஒலியடக்கியிருந்தாலோ, இயங்குதளம் தன்னைப் புதுப்பித்துக்கொண்டாலோ எச்சரிக்கை ஒலிக்காமற் போகலாம். 2025 மாசியில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் இதனையே பொது எச்சரிக்கையாக விடுத்தது. 2019 இன் இறுதியில் டெக்ஸ்கொம் நிறுவனத்தின் இணைய சேவை முடங்கியபோது, தொலைவிலிருந்து பிள்ளைகளின் அளவைக் கண்காணித்த பெற்றோருக்குச் செய்தி செல்லவில்லை. தனிக்கருவியும் குறையற்றதன்று. 2023 இல் லிப்ரே வாசிப்புக் கருவிகளின் மின்கலம் வீங்கித் தீப்பற்றக்கூடும் என்று எச்சரிக்கப்பட்டது. 2025 இல் டெக்ஸ்கொமின் வாசிப்புக் கருவிகள் சில ஒலிபெருக்கிக் குறையினால் மீளப் பெறப்பட்டன. எனினும், இம்மாணவியின் வாசிப்புக் கருவிக்குத் தொலைபேசிக்கில்லாத ஒரு சிறப்புண்டு. தகடு கழன்று வீழ்ந்தாலும் அதிலேயே கீற்றைச் செருகி விரல் இரத்தத்தை அளக்கலாம்.

ஈற்றில் அக்குடும்பம் இரண்டையும் இணைத்துக்கொண்டது. புதிய தகட்டை வாசிப்புக் கருவியாலேயே தொடக்குகின்றனர். ஒரு மணி நேரத்துக்குள் தாயின் தொலைபேசியையும் அதனுடன் சேர்க்கின்றனர். தொலைபேசியால் தொடக்கிவிட்டால் வாசிப்புக் கருவி அத்தகட்டை ஏற்காது. பகலில் கருவி பிள்ளையின் சட்டைப் பைக்குள்; மாலையில் தாய் தொலைபேசியைக் கைக்கருகே பிடிக்க, அன்றைய பதிவு அதிலும் ஏறுகிறது.

ஒருநாள் அம்மாணவியிடம், எது உனக்கு வசதி என்று கேட்டேன். "இது என்ரை, சேர். மற்றது எல்லாற்றையும்" என்றாள். முன்னர் அவளது அளவு தொலைபேசி வழியாக ரொறன்ரோவரை சென்றுகொண்டிருந்தது. பிறந்தநாள் வீட்டிலே ஒரு துண்டுக் கேக்கைத் தின்றாலும் சிறிது நேரத்தில் மாமாவின் அழைப்பு வரும்: "பிள்ளை, என்ன சாப்பிட்டனீ? இருநூற்றைம்பது காட்டுது!" அன்பின் மிகுதியாற் கேட்ட கேள்விதான். ஆனால் பதினைந்து வயதுப் பெண்ணொருத்தியின் ஒவ்வொரு கவளமும் கடல் கடந்து விசாரிக்கப்படும்போது, அன்பும் காவல் நிலையமாகிவிடுகிறது. தன் உடலைத் தானே அறிந்து, தானே முடிவெடுக்கப் பழகுவதும் கல்வியின் ஒரு பகுதியன்றோ? அவளது சட்டைப் பையிலுள்ள சிறு கருவி அவளுக்கு அளித்தது அந்த உரிமையை.

இத்தோடு நிறுத்திவிட்டால் இது ஒரு குடும்பத்தின் நற்கதையாக முடிந்துவிடும். எமது பாடசாலையின் எட்டாந் தரத்தில் இன்னொரு மாணவன் இருக்கிறான், தந்தை கடற்றொழிலாளி. அவனுக்கும் இதே நோய். அவனுக்கு ரொறன்ரோவில் மாமனில்லை. அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கில் இன்சுலின் காசின்றிக் கிடைக்கிறது. அது இந்நாட்டு மக்கள் போற்றிக் காக்கவேண்டிய பேறு. ஆனால் அளக்கும் கீற்றுகளை அவன் வீட்டார் கடையில் வாங்குகின்றனர். வாங்கியதை எண்ணியே செலவிடுகின்றனர். பரீட்சைக் காலத்தில் மட்டும் நாளுக்கு ஒன்று கூடுதலாகக் குத்திப் பார்ப்பானாம். மற்றைய நாட்களில் கைநடுக்கமே அவனுக்கு அளவுகோல். தொலைபேசியா, வாசிப்புக் கருவியா என்ற விவாதத்தை அவனிடம் எவ்வாறு எடுத்துச் செல்வது?

மருந்தை ஒரு டொலருக்கு மனித குலத்திடம் ஒப்படைத்தவர்களின் செயலுக்குப் பின் நூறாண்டு கடந்துவிட்டது. மருந்தை அளந்து ஏற்றுவதற்கான அறிவு இன்று பதினான்கு நாளுக்கொருமுறை எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கும் பண்டமாக விற்கப்படுகிறது. மூன்றாம் வகை லிப்ரே முதலில் தொலைபேசியை மட்டுமே நம்பி வெளிவந்தது. அதற்கான தனிக்கருவி பின்னரே வந்தது. விலையுயர்ந்த தொலைபேசி எல்லாரிடமும் இருக்கும் என்று எண்ணுவோரின் உலகம் எது என்பதை விளக்க வேண்டியதில்லை. 2022 இல் எமது நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்ற நாட்களை நினைவுகூர்வோருக்கு, மின்னேற்றம் என்பதும் எல்லாருக்கும் நிச்சயமானதன்று என்பது தெரியும்.

ஆகவே ஆசிரியர்களாகிய நாம் செய்யத்தக்கவை சில உள. கைத்தொலைபேசித் தடையைக் கைவிட வேண்டியதில்லை. நோயை அளக்கும் கருவி, அது எவ்வுருவில் இருப்பினும், அத்தடைக்குட்படாது என்ற ஒரு வரியை விதியிற் சேர்த்தால் போதும். ஒவ்வொரு பாடசாலை அலுவலகத்திலும் ஒரு குளுக்கோமானியும் கீற்றுகளும் ஒரு பொதி குளுக்கோசும் இருத்தல் வேண்டும். சீனி விழுந்த பிள்ளையை நித்திரைத் தூங்கி என்று ஏசாது இனம்காண ஒவ்வோர் ஆசிரியரும் அறிந்திருத்தல் வேண்டும். இவை சிறிய செலவுகள். பெரிய கோரிக்கை அரசாங்கத்திடம் வைக்கப்பட வேண்டியது: இன்சுலின் இலவசமாயின், அதனை அளந்து ஏற்றும் வழியும் இலவசமாதல் வேண்டும். குறைந்தது பாடசாலைப் பிள்ளைகளுக்காவது கீற்றுகள் கிளினிக்கிற் கிடைக்கட்டும். அடுத்த படியாகத் தகடும் அதனை வாசிக்கும் தனிக்கருவியும் கிடைக்கட்டும். 1945 இல் இலவசக் கல்வி வந்தபோது, ஏழைப் பிள்ளைக்கு இத்தனை எதற்கு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அக்கேள்வியைத் தோற்கடித்த நாட்டில், அறிவையும் உயிரையும் காக்கும் கருவிகள் மாமன்மார் அனுப்பும் பொதிகளை நம்பியிருத்தல் தகாது. தொழிற்சங்கக் கூட்டங்களிலும் பெற்றோர் கூட்டங்களிலும் இக்கோரிக்கையை எழுப்புவோம்.